சுற்றுப்படத்தில் ஒரு கரும்புள்ளி



உங்கள் இயற்பியல் பாடநூலில் மின்னோட்டம் பற்றிய பாடத்தைத் திறந்து, ஏதேனும் ஒரு மின்சுற்றுப் படத்தைப் பாருங்கள். மின்கலம் இருக்கும், சாவி இருக்கும், மின்தடை இருக்கும். இவற்றை இணைக்கும் கோடுகள் இருக்கும். கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு கரும்புள்ளி இருக்கும். அந்தப் புள்ளியைப் பற்றி உங்கள் ஆசிரியர் என்ன சொன்னார்? பெரும்பாலும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். நானும் பல ஆண்டுகள் என் மாணவர்களுக்கு ஒன்றும் சொன்னதில்லை.

கோடு என்பது மின்தடையே இல்லாத கம்பி என்று முதலில் கற்கிறோம். பிறகு கம்பியின் நீளம், குறுக்குவெட்டுப் பரப்பு, தன்மின்தடை ஆகியவற்றைக் கொண்டு கம்பிக்கும் மின்தடை உண்டு என்று கற்கிறோம். ஆக, கோட்டைப் பற்றிய பொய் சில வாரங்களில் திருத்தப்பட்டுவிடுகிறது. புள்ளியைப் பற்றிய பொய்யோ பள்ளியைத் தாண்டி, கல்லூரியைத் தாண்டி, முதுகலைப் பட்டம் வாங்கிய பிறகும் நம்முடனேயே வருகிறது. இதை ஒரு சிறு குறையாக நான் கருதவில்லை. வீடுகளிலும் வண்டிகளிலும் தொழிற்கூடங்களிலும் மின்சாரம் தவறிப்போகும் இடம் பெரும்பாலும் அந்தப் புள்ளிதான். நாமோ அதைப் பாடத்திலிருந்தே நீக்கி வைத்திருக்கிறோம்.

இதை எனக்கு உணர்த்தியது ஒரு புத்தகமன்று. ஒரு தீய்ந்த வாடை.

சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, நான் அப்போது பணியாற்றிய கல்லூரியில் ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு மின்பலகை தேவைப்பட்டது. பல மேசைகளுக்குப் போகும் ஒயர்களை ஒரே இடத்தில் சேர்க்கவேண்டும். கடையில் கிடைக்கும் பன்னிரண்டு துளை கனெக்டர் பட்டை ஒன்றை வாங்கி, நானே பொருத்தினேன். பல இழைகள் கொண்ட ஒயரைத் திருகாணியின் கீழே வைத்தால் இழைகள் பிரிந்து ஓடுகின்றன அல்லவா? அதைத் தடுக்க, ஒவ்வொரு முனையையும் முறுக்கி, ஈயம் வைத்துக் கெட்டியாக்கி, பிறகு துளைக்குள் விட்டுத் திருகாணியை முடுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஓராண்டு கழிந்தது. செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. லீ தட்டுச் சோதனைக்காக நீராவி தரும் கொதிகலன்கள் இரண்டு ஒரே பட்டையின் வழியாக ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் 1500 வாட். மொத்தம் ஏறத்தாழ 13 ஆம்பியர். பட்டையோ 15 ஆம்பியர் தாங்கும் என்று அச்சிடப்பட்ட பட்டை. கணக்குப்படி எந்தக் குறையும் இல்லை. ஆனால் தேர்வின் நடுவே பிளாஸ்டிக் எரியும் வாடை வந்தது. பலகையைத் திறந்தால், பட்டையின் மூன்று துளைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. எம்.சி.பி. விழவே இல்லை. இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் மரப்பலகை தீப்பிடித்திருக்கும். அறைக்குள் முப்பது மாணவர்கள் இருந்தார்கள்.

பழுது பார்க்கக் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு மின்பணியாளர் வந்தார். அங்குள்ள உருக்காலைகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். உருகிய பட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஈயம் வெச்சு முடுக்கினது யாரு சார்?” என்று கேட்டார்.

“நான்தான் அண்ணே.”

“ஈயத்த திருகாணிக்கடியில வைக்கவே கூடாது சார். இன்னைக்கு இறுகினது நாளைக்குத் தானா எளகிடும். மெழுகு மாதிரி நகரும்” என்றார்.

நான் முதுகலை இயற்பியல் படித்தவன். அவர் சொன்னது சரிதான் என்பதற்கான விளக்கமும் எனக்குத் தெரிந்ததுதான். அதை நான் அந்தத் துளையோடு பொருத்திப் பார்க்கவில்லை, அவ்வளவே. உலோகங்கள் தங்கள் உருகுநிலையை நெருங்க நெருங்க, நிலையான அழுத்தத்தின்கீழ் மெல்ல மெல்ல நகர்கின்றன. வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரி செல்சியசில், அதாவது 456 கெல்வினில் உருகுகிறது. அறை வெப்பநிலை 300 கெல்வின். ஆகவே பற்றாசுக்கு நம் அறையே உருகுநிலையில் மூன்றில் இரண்டு பங்கு சூடு. தாமிரமோ 1358 கெல்வினில் உருகுவது. அதற்கு 300 கெல்வின் வெறும் ஐந்தில் ஒரு பங்கு. தாமிரம் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் இடத்தில் பற்றாசு வழிந்து விலகும். திருகாணி அப்படியே இருக்கும். அதன் பிடி மட்டும் போய்விடும்.

பிடி போனால் என்ன? ஒயர் துளைக்குள்தானே இருக்கிறது, தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது என்று கேட்கலாம். இங்கேதான் பொருளின் உயிர் இருக்கிறது.

ரயில் பாதையில் கொட்டியுள்ள கருங்கல் ஜல்லியின்மேல் ஒரு பலகையை வையுங்கள். பலகை ஜல்லி முழுவதையும் தொடுகிறதா? இல்லை. துருத்திக்கொண்டிருக்கும் சில கற்களின் மூக்குகளை மட்டுமே தொடுகிறது. எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும், உலோகப் பரப்பும் நுண்ணளவில் இப்படிப்பட்ட ஜல்லிதான். இரண்டு உலோகங்கள் சேரும்போது கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிகச் சிறிய பகுதியே உண்மையில் தொடுகிறது. மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில சிகரங்கள் வழியாகவே நெருக்கியடித்துக்கொண்டு போகவேண்டும். திருவிழா முடிந்த கூட்டம் ஒரே வாசலில் வெளியேறுவதுபோல.

இந்த நெரிசலால் ஏற்படும் மின்தடையைத் தொடுமின்தடை எனலாம். சுவீடன் நாட்டைச் சேர்ந்த ராக்னர் ஹோம் என்பவர் இதை வாழ்நாள் ஆய்வாகவே செய்தார். அவர் தந்த சமன்பாடு எளிமையானது: தொடும் இடம் ஒரு சிறு வட்டமானால், தன்மின்தடையை அவ்வட்டத்தின் ஆரத்தைப் போல் இரு மடங்கால் வகுக்கவேண்டும். தாமிரத்தின் தன்மின்தடை 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். ஆரம் 10 மைக்ரான் என்று கொள்வோம். விடை 0.85 மில்லிஓம். இது 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள தாமிரக் கம்பியின் 5 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சமம். கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி, உங்கள் சுண்டுவிரல் நீளக் கம்பிக்குச் சமமாகத் தடுக்கிறது.

அந்த வட்டம் எவ்வளவு பெரியதாக இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது எது? பலரும் பரப்பு என்பார்கள். பெரிய பிளக், பெரிய பிடி என்றால் நல்ல இணைப்பு என்பார்கள். அது தவறு. தீர்மானிப்பது விசை. அழுத்த அழுத்தச் சிகரங்கள் நசுங்கி அகலமாகின்றன. விசையைத் தாங்கும் அளவுக்குப் பரப்பு கிடைத்ததும் நின்றுவிடுகின்றன. உண்மைத் தொடுபரப்பு என்பது விசையை உலோகத்தின் கடினத்தன்மையால் வகுத்தால் கிடைப்பது. 1 நியூட்டன் விசைக்குத் தாமிரத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு சதுர மில்லிமீட்டர்தான் கிடைக்கும். உராய்வு விசை பரப்பைச் சார்ந்ததன்று, செங்குத்து விசையையே சார்ந்தது என்று படித்திருக்கிறீர்களே, அதற்கும் இதுவேதான் காரணம். மின்சாரப் பாடமும் இயக்கவியல் பாடமும் ஒரே ஜல்லிக்கல்லில் சந்திக்கின்றன. இதை ஏன் யாரும் நமக்குச் சொல்லவில்லை?

என் பட்டைக்குத் திரும்புவோம். பற்றாசு நகர்ந்தது, விசை குறைந்தது, தொடும் புள்ளிகள் சுருங்கின. சூடு ஏறியது. சூடு ஏறியதும் தாமிரம் கறுத்து ஆக்சைடு படிந்தது, தடை இன்னும் கூடியது, சூடும் கூடியது. ஒன்றை ஒன்று வளர்த்தன. இறுதியில் 0.1 ஓம் ஆயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் 13 ஆம்பியர். அதன் வர்க்கத்தை 0.1 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 17 வாட். வானொலி பழுது பார்ப்பவர் கையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதற்குக் கொஞ்சம் குறைந்த சூட்டுக்கோல் ஒன்றை எடுத்து, பிளாஸ்டிக் பட்டைக்குள் செருகி, மூடியை மூடிவிட்டதாகக் கற்பனை செய்யுங்கள்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை? அது மின்னோட்டம் அளவுக்கு மேல் போனால் மட்டுமே விழும். இங்கே மின்னோட்டம் கூடவில்லை. உண்மையில் துளி குறைந்திருக்கும். பியூசும் எம்.சி.பி.யும் கெட்ட இணைப்பைக் காண இயலாத குருடுகள். வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது, கவலை இல்லை என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் வைக்கவேண்டும். சாக்கெட்டில் பிளக்குக்குப் பதில் ஒயர் முனைகளை விட்டுத் தீக்குச்சியால் ஆப்பு வைக்கிறோமே, அங்கே விசை எவ்வளவு என்று நீங்களே எண்ணிப்பாருங்கள்.

பெரிய இடங்களிலும் இது நடக்கும். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் பெரும் துகள்முடுக்கி ஓடத் தொடங்கிய ஒன்பதாம் நாள், 2008 செப்டம்பர் 19 அன்று, இரண்டு மீக்கடத்து மின்காந்தங்களுக்கு இடையே இருந்த ஒரு மின் இணைப்பு கெட்டது. அதன் தடை ஓம் அளவில் அன்று, மில்லிஓம் அளவிலும் அன்று. ஏறத்தாழ 220 நானோ ஓம் என்று பின்னர் கணக்கிட்டார்கள். ஆனால் ஓடிய மின்னோட்டம் ஏறத்தாழ 8,700 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள்; இங்கும் விடை 17 வாட்டுக்குப் பக்கத்தில்தான் வருகிறது! அந்தச் சூடு மீக்கடத்தியை வெறும் கடத்தியாக்கியது, மின்வில் எழுந்தது, டன் கணக்கில் ஹீலியம் வெடித்து வெளியேறியது. 53 காந்தங்களை மேலே எடுத்துச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. முடுக்கி மறுபடி ஓட 14 மாதங்கள் ஆயின. உலகின் தலைசிறந்த இயற்பியலார் கட்டிய கருவியும் என் கனெக்டர் பட்டையும் ஒரே வகையில் கெட்டன என்பதில் எனக்கு ஒரு சிறு ஆறுதல் உண்டு.

இதுவரை ஒரு முனையைப் பற்றிப் பேசினோம். பல முனைகளை ஒரே வீச்சில் சேர்க்கும் இணைப்பான் என்று வந்தால் கதை மேலும் சுவையாகிறது.

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கோ திருவள்ளூருக்கோ மின்சார ரயிலில் போயிருப்பீர்கள். இரு பாதைகளும் 1979-இல் மின்மயமானவை. நடைமேடையில் நிற்கும்போது இரண்டு பெட்டிகளுக்கு நடுவே பாருங்கள். தடித்த கேபிள்கள் தொங்கும். ஒவ்வொன்றின் முனையிலும் பல முனைகள் கொண்ட இணைப்பான். முன்னால் இருக்கும் ஓட்டுநர் கைப்பிடியைத் திருப்பினால் பின்னால் உள்ள மோட்டார் பெட்டிகளும் கீழ்ப்படிய வேண்டும். அதற்கான கட்டளைகள் இந்தக் கேபிள்கள் வழியாகத்தான் போகின்றன. பெட்டிகள் ஆடும், குலுங்கும். இணைப்பு விடக்கூடாது.

ஒரு முனை சரியாகச் சேரும் வாய்ப்பு ஆயிரத்துக்கு 999 என்று வைப்போம். நல்ல மதிப்பெண்தான். ஐம்பது முனைகளும் சேர்ந்து சரியாக இருக்கும் வாய்ப்பு? 0.999-ஐ ஐம்பது முறை பெருக்கவேண்டும். 0.951 வரும். அதாவது நூறு இணைப்பான்களில் ஏறத்தாழ ஐந்தில் எங்கோ ஒரு முனை கெட்டிருக்கும். ஐந்நூறு முனைகள் கொண்ட ஒரு வாகனத்தின் ஒயர் கட்டில் அதே தரம் இருந்தால், பத்து வண்டிக்கு நான்கு வண்டி பழுது. எனவே பல முனை இணைப்பானில் ஒவ்வொரு முனையும் தனி முனையைவிடப் பல மடங்கு நல்லதாக இருந்தாக வேண்டும்.

நல்ல இணைப்புக்கு விசை வேண்டும் என்றோம். ஒவ்வொரு முனையையும் உள்ளே தள்ள 1 நியூட்டன் போதும் என்றாலும், ஐம்பது முனைக்கு 50 நியூட்டன். ஏறக்குறைய 5 கிலோ எடையைத் தூக்கும் விசை. அதைக் குனிந்து கொண்டு, எண்ணெய்க் கையோடு, இருட்டில் செலுத்தவேண்டிய மெக்கானிக்கை நினைத்துப் பாருங்கள். பாதி நுழைந்ததும் “போதும்” என்று விட்டுவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அதனால்தான் பெரிய இணைப்பான்களில் நெம்புகோலோ மரையோ வைத்துத் தானே இழுத்துக்கொள்ளும்படி செய்கிறார்கள். முழுவதும் நுழைந்ததும் “டக்” என்று ஒலிக்கும் கொக்கியும் வைக்கிறார்கள். அந்த “டக்” ஒலியும் வடிவமைப்பில் சேர்ந்ததுதான்.

தலைகீழாகச் செருகிவிட்டால்? 1952-இல் அமெரிக்காவின் கேனன் நிறுவனம் கொண்டுவந்த ஓர் இணைப்பானைப் பழைய கணினிகளின் பின்புறம் பார்த்திருக்கலாம். அதன் உலோகக் கூடு ஆங்கில எழுத்து ‘டி’ வடிவில் இருக்கும். தவறாகச் செருகவே முடியாது. எச்சரிக்கைப் பலகை எழுதி ஒட்டுவதைவிட, தவறு செய்ய வழியே இல்லாமல் செய்துவிடுவது மேல். என்னைக் கேட்டால், பொறியியலில் இதைவிட மனிதத்தன்மை மிக்க சிந்தனை குறைவு.

அடுத்தது வரிசை. உங்கள் வீட்டு மூன்று முனை பிளக்கை எடுத்துப் பாருங்கள். எர்த் முனை மற்ற இரண்டையும்விடத் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். தடிமன், அது மின் வரும் துளைக்குள் நுழையாமல் இருக்க. நீளம், செருகும்போது எர்த் முதலில் சேர்ந்து, பிடுங்கும்போது கடைசியில் பிரிய. பல சாக்கெட்டுகளில் எர்த் முனைதான் உள்ளிருக்கும் மறைப்பைத் திறக்கவும் செய்கிறது. பேனாவை எர்த் துளையில் விட்டு மறைப்பைத் திறந்து இரண்டு முனை பிளக்கைச் செருகுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். எவரோ நெடுநேரம் யோசித்து வைத்த பாதுகாப்பை ஒரு பேனா முறியடிக்கிறது.

பிரியும் வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து ஊர்ப் பொருளை வைத்தே ஒரு கதை சொல்கிறேன். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து கிளம்பும் ராக்கெட்டை இந்தப் பக்கத்து மொட்டை மாடிகளிலிருந்து பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். ஏவுதளத்தில் நிற்கும் ராக்கெட்டுக்குத் தரையிலிருந்து மின்சாரமும் கட்டளைகளும் கேபிள்கள் வழியே போகின்றன. அது மேலெழும் கணத்தில் இந்த இணைப்பான்கள் கழன்றாக வேண்டும். 1960 நவம்பர் 21 அன்று அமெரிக்காவில் மெர்குரி-ரெட்ஸ்டோன் என்ற ஆளில்லாச் சோதனை ராக்கெட் கிளம்பியது. கட்டுப்பாட்டு இணைப்பு முதலில், எர்த் தரும் மின் இணைப்பு பின்னர் என்பது திட்டம். கேபிள் நீளம் சற்று மாறிப்போனதால் வரிசை மாறியது. எர்த் இணைப்பு 29 மில்லிவினாடி முந்திப் பிரிந்தது. அந்த இடைவெளியில் மின்னோட்டம் வேறு வழி தேடி ஒரு ரிலே வழியாகப் பாய, எஞ்சினை நிறுத்தும் கட்டளை பிறந்துவிட்டது. ராக்கெட் நான்கு அங்குலம் எழும்பி, மறுபடி மேடையிலேயே உட்கார்ந்தது. உங்கள் வீட்டு பிளக்கின் நீண்ட எர்த் முனை செய்யும் வேலையை அங்கே ஒரு கேபிள் செய்யத் தவறியது.

எர்த் முனை கெட்டால் மின்னோட்டம் வேறு வழி தேடும் என்பதைப் பார்க்க ராக்கெட் தேவையில்லை. கொல்கத்தா நெடுஞ்சாலையில் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் கண்டெய்னர் டிரெயிலர்கள் இரவெல்லாம் போகின்றன. முன்வண்டிக்கும் டிரெயிலருக்கும் நடுவே சுருள் சுருளாக ஒரு கேபிள் தொங்கும். ஏழு முனை இணைப்பான். பிரேக் விளக்கு, இடது வலது இண்டிகேட்டர், இடது வலது வால்விளக்கு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு முனை. இவை எல்லாவற்றிலிருந்தும் மின்னோட்டம் திரும்பிவர ஒரே ஓர் எர்த் முனை. சில டிரெயிலர்களில் இடது இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் விளக்கும் மங்கலாகச் சேர்ந்து சிமிட்டும். ஓட்டுநர் பல்பை மாற்றுவார், பயன் இராது. காரணம் இதுதான்: எர்த் முனை துருவேறிவிட்டது. இண்டிகேட்டர் பல்பைக் கடந்த மின்னோட்டம் திரும்பிவர வழியின்றி, டிரெயிலரின் பிரேக் பல்பு வழியாகப் பின்னோக்கி ஏறி, பிரேக் ஒயரில் முன்வண்டிக்கு வந்து, அங்குள்ள பிரேக் பல்பு வழியாக எர்த்தை அடைகிறது. மூன்று பல்புகளும் தொடரிணைப்பில்! எனவேதான் எல்லாம் மங்கல். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு, முன்னால் போகும் டிரெயிலர் திரும்புகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்று நாம் கரும்பலகையில் போடும் கணக்கு இருட்டில் ஓர் உயிரின் விலையாகிறது.

வங்கக் கடலும் பழவேற்காட்டு உப்பங்கழியும் பக்கத்தில் இருப்பதால் இப்பகுதியின் காற்றே உப்புக் காற்று. தாமிரமும் பித்தளையும் பச்சை பூக்கும். இதனால்தான் முனைகளுக்கு வெள்ளீய முலாம் பூசுகிறார்கள். ஆனால் வண்டியின் அதிர்வில் முனைகள் மைக்ரான் கணக்கில் முன்னும் பின்னும் தேய்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு தேய்ப்பிலும் வெள்ளீயம் சுரண்டப்பட்டு, ஆக்சைடுத் தூளாகி, அங்கேயே தங்கிவிடுகிறது. கணினியிலும் விண்கலத்திலும் தங்க முலாம் பூசுவது பகட்டுக்கு அன்று. தங்கம் ஆக்சைடு ஆவதில்லை. ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தங்கம், அதன் அடியில் தாமிரம் மேலே ஊடுருவாமல் தடுக்க நிக்கல். லாரிக்குத் தங்கம் கட்டுப்படியாகாது. ஆகவே அங்கே ரப்பர் உறையும், நல்ல வில்விசையும், இறுக்கிப் பிடிக்கும் கொக்கியும்தான் காப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவி ஒருவரைக் கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் சந்தித்தேன். இளங்கலை இயற்பியல் முடித்து, தொழிற்பேட்டையில் வாகன ஒயர் கட்டுகள் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்த்து வந்தார். ஒயரின் முனையில் உலோக முனையை வைத்து இயந்திரத்தால் நசுக்கிப் பொருத்தும் கிரிம்பிங் வேலை. நன்றாக நசுக்கினால் இழைகளுக்கு நடுவே காற்றுக்கும் இடமின்றி ஒரே உலோகம்போல் ஆகிவிடும். குறைவாக நசுக்கினால் கழலும். மிகையானால் இழைகள் அறுபடும். அதற்கான நல்ல கைக்கருவி, முழுவதும் அழுத்தாமல் வாயைத் திறக்கவே திறக்காது. சாதாரணக் குறட்டால் நெரித்துவிட்டு “கிரிம்ப் பண்ணிட்டேன்” என்பவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வருமாம்.

பேச்சின் நடுவே, “மூணு வருஷம் பிசிக்ஸ் படிச்சேன் சார். கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ்ங்கிற வார்த்தைய இங்க வந்துதான் முதல்ல கேட்டேன்” என்றார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மூன்று ஆண்டுகளும் அவருக்குப் பாடம் எடுத்தவன் நான்.

இதை நண்பர்களிடம் சொன்னால், “அதெல்லாம் ஐ.டி.ஐ.யில் கற்றுக்கொடுக்கவேண்டிய விஷயம், இயற்பியல் அல்ல” என்கிறார்கள். இக்கருத்தை நான் ஏற்கவில்லை. கடினத்தன்மை, உராய்வு, வெப்பம், ஆக்சிகரணம், நிகழ்தகவு ஆகிய எல்லாம் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் கூடுகின்றன. இது இயற்பியல் அல்ல என்றால் எது இயற்பியல்? திருகாணியைத் தொடுவதனாலேயே ஒரு பொருள் தாழ்ந்ததாகிவிடும் என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணத்தால் இழப்பு இரு பக்கமும்: என்போன்றோர் ஈயம் வைத்து முடுக்குகிறோம், ஏன் ஈயம் கூடாது என்று கையால் அறிந்தவர் அதை வகுப்பறையில் சொல்ல வாய்ப்பே இல்லை.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு சோதனை சொல்கிறேன். ஆசிரியரின் துணையோடு செய்யுங்கள். வீட்டு மின்சாரத்தைத் தொடாதீர்கள். 12 வோல்ட் மின்கலம் போதும். காரின் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றையும் ஒரு பியூசையும் தொடரில் இணையுங்கள். ஏறத்தாழ 1.75 ஆம்பியர் ஓடும். தடித்த தாமிரக் கம்பிகள் இரண்டை எமரித் தாளால் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்று கூட்டல் குறிபோல் வையுங்கள். மின்னோட்டம் ஒரு கம்பியின் ஒரு முனையில் நுழைந்து, சந்திப்பைக் கடந்து, மறு கம்பியின் ஒரு முனை வழியே வெளியேறட்டும். மீதமுள்ள இரு முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் அளவில் வையுங்கள். அந்த இரு முனைகளிலும் மின்னோட்டம் இல்லையாதலால், மீட்டர் காட்டுவது சந்திப்பின் மின்னழுத்தம் மட்டுமே. சந்திப்பின்மேல் ஒரு சிறு மரக்கட்டை, அதன்மேல் டம்ளர். டம்ளரில் 100 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றினால் ஏறக்குறைய 1 நியூட்டன் கூடும். ஊற்ற ஊற்ற அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். விசை நான்கு மடங்கானால் தடை பாதியாகவேண்டும் என்பது ஹோம் காட்டிய வழி. டம்ளர், கட்டை ஆகியவற்றின் எடையையும் சேர்க்க மறவாதீர்கள். அதே சோதனையை உப்புத் தண்ணீரில் ஒரு வாரம் கிடந்த கம்பியை வைத்தும் செய்யுங்கள்.

பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாக வெளியே எடுங்கள். ஊற்றும்போது கிடைத்த அளவுகளே திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வராது. அதே எடைக்குத் தடை முன்னைவிடக் குறைவாகவே இருக்கும். நசுங்கிய சிகரங்கள் என்ன ஆயின என்று யோசித்து, உங்கள் அளவுகளோடும் விளக்கத்தோடும் இதழுக்கு எழுதுங்கள்.